பெயின்ட்பால்: துப்பாக்கியின் கதையா, காற்றின் கதையா?

பெயின்ட்பால் விளையாட்டை நேரில் ஆடியிருக்காவிட்டாலும் சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். முகமூடி மாட்டிக்கொண்டு, மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று, எதிரணிக்காரர் மேல் சாயக் குண்டு அடிக்கும் விளையாட்டு. குண்டு உடைந்து சாயம் ஒட்டினால் அவர் அவுட். அடிப்படை விதி அவ்வளவுதான்.

கையில் இருக்கும் கருவியைப் பழைய ஆட்டக்காரர்கள் துப்பாக்கி என்று சொல்வதில்லை. அவர்கள் வைத்திருக்கும் பெயர் மார்க்கர், அதாவது குறி போடும் கருவி. இந்த மார்க்கரும், அதற்குள் குண்டைத் தள்ளும் காற்றும் சேர்ந்து வளர்ந்த கதைதான் இந்தக் கட்டுரை.

இந்தக் கதை இப்போது எதற்கு? அமெரிக்காவில் 1990களிலும் 2000களின் முற்பாதியிலும் இந்த விளையாட்டுப் பைத்தியம் பிடித்து அலைந்த ஒரு தலைமுறை உண்டு. பிறகு வேலை, கல்யாணம், குழந்தை, வீட்டுக் கடன் என்று போய்விட்டார்கள். பதினைந்து, இருபது வருடம் கழித்துத் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மறுபடி மைதானத்துக்கு வருகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் கேட்கும் முதல் கேள்வி, "இப்ப எந்த மார்க்கர் நல்லா இருக்கு?" என்பதாகத்தான் இருக்கும். வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் அது இரண்டாவது கேள்வி என்பது தெரியும். ஒவ்வொரு காலத்திலும் காற்று எந்த வடிவில் கிடைத்ததோ, அதுதான் மார்க்கர் எப்படி இருக்கும் என்று தீர்மானித்திருக்கிறது.

மரத்துக்குப் போட்ட குறி

மார்க்கர் என்ற பெயர் நாகரிகத்துக்காக வைத்தது இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நெல்சன் பெயின்ட் கம்பெனி என்று ஒரு நிறுவனம். வனத்துறையினர் வெட்ட வேண்டிய மரங்களுக்கு அடையாளம் போடும் பெயின்ட் அவர்களுடைய சரக்கு. ஓடைக்கு அந்தப் பக்கம், முள்ளுக்குள், கிட்டே போக முடியாத இடத்தில் நிற்கும் மரத்துக்கு எப்படிக் குறி போடுவது? தூரத்தில் இருந்தே பெயின்ட்டை எறிந்தால்தான் உண்டு.

அதற்கு வழி மருந்துக் கடையில் இருந்து வந்தது. மீன் எண்ணெய் மாத்திரை பார்த்திருப்பீர்கள், ஜெலட்டின் உறைக்குள் திரவம். அந்த வகை மாத்திரை செய்வதில் பெயர் பெற்ற ஆர்.பி. ஷெரர் நிறுவனம் பெயின்ட்டை அதே மாதிரி உருண்டைக்குள் அடைத்துக் கொடுத்தது. குண்டு தயார். சுடுவதற்கு முதலில் கிராஸ்மேன் நிறுவனம் ஒரு கருவி செய்தது, அது பெரிதாக ஓடவில்லை. பிறகு டெய்ஸி நிறுவனம் செய்து கொடுத்ததுதான் நெல்-ஸ்பாட் 007. ஜேம்ஸ் ஹேல் என்பவர் பெயரில் 1974ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. காட்டில் மரத்துக்கும், பண்ணையில் மாட்டுக்கும் குறி போடுவது இதன் வேலை. மனிதனை மனிதன் சுடுவது யார் திட்டத்திலும் இல்லை.

அந்தத் திருப்பம் 1981ல் நடந்தது. ஹேய்ஸ் நோயல் நியூயார்க்கில் பங்கு வியாபாரி. அவருடைய நண்பர் சார்லஸ் கெய்ன்ஸ் எழுத்தாளர். நகரத்தில் பிழைக்கத் தெரிந்தவனுக்குக் காட்டிலும் பிழைக்கத் தெரியுமா, இல்லை காட்டுக்காரன்தான் ஜெயிப்பானா என்று இருவருக்கும் நீண்ட நாள் வாக்குவாதம். நெல்-ஸ்பாட் 007 கண்ணில் பட்டதும் இதை வைத்தே தீர்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. பாப் கர்ன்ஸி என்ற இன்னொரு நண்பரும் சேர்ந்து விதிகளை வகுத்தார். 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ஷயர் மாநிலத்தின் ஹெனிகர் ஊர்க் காட்டில் 12 பேர் இறங்கினார்கள். ஜெயித்தவர் ரிச்சி ஒயிட். அவர் தொழிலே காட்டு வேலைதான். கடைசிவரை ஒரு குண்டுகூட அவர் சுடவில்லை என்பதுதான் வேடிக்கை! சத்தமில்லாமல் நடந்து போய்க் கொடிகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

12 கிராம் காலம்

நெல்-ஸ்பாட் 007க்குள் போனது கட்டைவிரல் அளவுள்ள ஒரு சின்ன உலோகக் குப்பி. அதற்குள் 12 கிராம் கரியமில வாயு. சோடாவில் பொங்கும் அதே வாயுதான். ஒரு குப்பியில் ஏறக்குறைய 20, 30 குண்டு அடிக்கலாம். பிறகு குப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று போட வேண்டும். ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தயார் செய்ய வேண்டும், மார்க்கரைச் சாய்த்துக் குண்டை உள்ளே உருட்ட வேண்டும்.

இவ்வளவு சிரமம் இருந்ததால் ஆட்டமும் அப்படியே இருந்தது. ஒளிவது, காத்திருப்பது, ஊர்ந்து போவது, ஒரு குண்டு அடிப்பது. ரிச்சி ஒயிட் சுடாமலே ஜெயித்ததும் இதனால்தான். காற்று கொஞ்சமாக இருந்தபோது பொறுமைக்காரன் ஜெயித்தான்.

1980களின் நடுவில் பெரிய சிலிண்டர் வந்தது. குப்பிக்குப் பதிலாகத் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளும் கரியமில வாயு சிலிண்டரை மார்க்கரோடு திருகி மாட்டினார்கள். ஒரு நிரப்புக்கு நூற்றுக்கணக்கான குண்டு! பழைய ஆட்டக்காரர்கள் பலர் முகம் சுளித்தார்கள், ஆனால் விஷயம் நின்றுவிட்டது. காற்று தாராளமானதும் அதைச் செலவழிக்கும் மார்க்கர்கள் தானாக வந்தன.

டென்னிஸ் டிப்மேன் என்பவர் அதுவரை பழைய இயந்திரத் துப்பாக்கிகளின் பாதி அளவு மாதிரிகளைச் செய்து விற்றுக்கொண்டிருந்தார். 1986ல் அமெரிக்கச் சட்டம் பொதுமக்களுக்குப் புதிய இயந்திரத் துப்பாக்கி விற்பதைத் தடுத்தது. தொழில் கைவிட்டுப் போனது. அந்தத் திறமையை அவர் பெயின்ட்பால் பக்கம் திருப்பிச் செய்ததுதான் எஸ்.எம்.ஜி.-60, தானாகத் தொடர்ந்து சுடும் மார்க்கர். 1990ஐ ஒட்டி, விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு போய் அடுத்த குண்டு தானாகத் தயாராகும் மார்க்கர்கள் சந்தைக்கு வந்தன. டாம் கேயின் ஆட்டோமேக், பட் ஆரின் ஆட்டோகாக்கர் இரண்டும் அந்தக் காலத்தின் பெரிய பெயர்கள். "நீ மேகா, காக்கரா?" என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடும் அளவுக்குப் பெரிய பெயர்கள்.

கரியமில வாயுவின் குணம்

இங்கேதான் சிக்கல் தொடங்கியது. சிலிண்டருக்குள் கரியமில வாயு பெரும்பாலும் திரவமாகவே இருக்கிறது. நம் வீட்டு சமையல் கேஸ் மாதிரிதான். திரவம் ஆவியாகி மேலே வரும் அழுத்தத்தில் குண்டு பறக்கிறது. இதில் உள்ள சங்கடம், அந்த அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது. 20 டிகிரி செல்சியஸில் அது சதுர அங்குலத்துக்குச் சுமார் 830 பவுண்டு, அதாவது 830 பி.எஸ்.ஐ. கார் டயரில் 30 பி.எஸ்.ஐ. பிடிக்கிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால் அளவு புரியும். 0 டிகிரியில் அதே சிலிண்டர் ஏறக்குறைய 500க்கு இறங்கிவிடும். 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்ற நிலையே இருக்காது, அழுத்தம் வேகமாக ஏறும்.

ஆக, குளிர்காலக் காலையில் குண்டு பாதி தூரத்தில் விழும். மத்தியான வெயிலில் அதே மார்க்கர் வேக வரம்பைத் தாண்டி அடிக்கும். பொதுவாக மைதானங்களில் குண்டின் வேகம் விநாடிக்கு 300 அடியைத் தாண்டக் கூடாது, பல இடங்களில் 280தான். இது அலங்கார விதி இல்லை. 3 கிராம் குண்டு அதற்கு மேல் வேகமாக வந்தால் உடம்பில் காயம் பலமாக இருக்கும்.

வேகமாகச் சுட்டாலும் தொல்லை. திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும், அதைச் சிலிண்டரில் இருந்தே எடுத்துக்கொள்ளும். தொடர்ந்து சுடச் சுடச் சிலிண்டர் குளிர்ந்து வெளியே உறைபனி படியும், அழுத்தம் இறங்கும். சில சமயம் திரவமே மார்க்கருக்குள் பாய்ந்து ரப்பர் வளையங்களைக் கெடுக்கும். இதைத் தடுக்கச் சிலிண்டருக்குள் வளைந்த குழாய் வைத்துப் பார்த்தார்கள், இடையில் ரெகுலேட்டர் வைத்துப் பார்த்தார்கள். கொஞ்சம் பலன் இருந்தது. வியாதி போகவில்லை.

வெறும் காற்று வந்தது

1990களில் பதில் கிடைத்தது. பதில் என்னவோ நாம் மூச்சு விடும் காற்றேதான்! தீயணைப்பு வீரர்கள் முதுகில் மாட்டும் சிலிண்டரில் அடைப்பது போல, காற்றை மிக உயர்ந்த அழுத்தத்தில் அடைத்தார்கள். அலுமினியச் சிலிண்டரில் 3000 பி.எஸ்.ஐ., கார்பன் ஃபைபர் சுற்றிய சிலிண்டரில் 4500 பி.எஸ்.ஐ. ஆரம்பத்தில் நைட்ரஜனும் அடைத்ததால் "நைட்ரோ" என்ற பேச்சுப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்தக் காற்று சிலிண்டருக்குள் திரவமாவதில்லை. சிலிண்டரின் வாயிலேயே ஒரு ரெகுலேட்டர் உட்கார்ந்து 4500ஐ 800 அல்லது 450 ஆகக் குறைத்து ஒரே சீராக வெளியே விடும். காலை, மத்தியானம், வெயில், குளிர் எதுவானாலும் மார்க்கருக்கு வரும் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றே.

காற்று சீரானதும் மின்சாரம் உள்ளே வந்தது. 1996ல் ஸ்மார்ட் பார்ட்ஸ் நிறுவனத்தின் ஷாக்கர், 1997ல் பிரிட்டனில் இருந்து ஏஞ்சல். விசையை அழுத்தினால் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன மின் வால்வு திறந்து மூடும். அந்த மென்மையான வால்வில் திரவ கரியமில வாயு பாய்ந்தால் அதன் கதி அதோகதி. அதனால் எலெக்ட்ரானிக் மார்க்கர் வாங்கியவர் உயர் அழுத்தக் காற்றுக்கும் சேர்த்தே பணம் எடுத்து வைக்க வேண்டியிருந்தது. பொருளாதார வகுப்பில் பேனாவும் மையும் என்று சொல்லிக் கொடுப்பார்களே, அந்த இணைப் பொருள் கணக்குதான் இது. ஒன்றின் விலையை மட்டும் பார்த்து வாங்க முடியாது.

முதலில் இவை பணக்காரர் பொம்மை. 2005ல் ஸ்மார்ட் பார்ட்ஸ் ஐயான் என்ற மார்க்கரைச் சில நூறு டாலருக்கு விட்டதும் கல்லூரி மாணவன் கையிலும் எலெக்ட்ரானிக் வந்தது. விநாடிக்குப் பத்துக்கு மேல் குண்டு பறந்தது. 200 குண்டு பிடிக்கும் மேல்பெட்டி இருபது விநாடியில் காலி! போட்டி அமைப்புகளே குண்டு எண்ணிக்கைக்கு வரம்பு போட வேண்டி வந்தது. வேகமாகச் சுட்டால் வேகமாகப் பணம் கரையும். வாங்குகிற செலவு ஒருமுறை, குண்டுச் செலவு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும். எலெக்ட்ரானிக் காப்புரிமையை வைத்துப் பல நிறுவனங்களோடு வழக்காடிய ஸ்மார்ட் பார்ட்ஸே 2010ல் கடையை மூடியது. அதன் காப்புரிமைகள் கீ ஆக்‌ஷன் ஸ்போர்ட்ஸ் என்ற வேறு நிறுவனத்துக்குப் போயின.

அதன் பிறகு அலை கொஞ்சம் திரும்பியது. பேட்டரி இல்லாத மார்க்கர்களுக்கு மறுபடி மவுசு வந்தது. பிரிட்டனின் பிளானட் எக்லிப்ஸ் நிறுவனம் 2010களின் பிற்பகுதியில் விட்ட எமெக் ஒரு உதாரணம். முழுக்க இயந்திர வேலை, ஆனால் குடிப்பது உயர் அழுத்தக் காற்று மட்டுமே. கையால் இழுத்துச் சுடும் பம்ப் மார்க்கரும், 12 கிராம் குப்பியும்கூட ஆசைக்கு ஆடுகிறவர்களிடம் உயிரோடு இருக்கின்றன. மார்க்கரில் பழசு திரும்பி வந்தது. காற்றில் மட்டும் பெரும்பாலோர் பின்னால் போகவில்லை.

பரணில் இருக்கும் பை

இப்போது திரும்பி வருகிறவரைக் கவனிப்போம். பரணில் இருந்து பையை இறக்குகிறார். உள்ளே ஒரு டிப்மேன் 98, ஒரு கார்பன் ஃபைபர் சிலிண்டர், ஒரு கரியமில வாயு சிலிண்டர். மார்க்கரைத் துடைத்து, ரப்பர் வளையங்களை மாற்றி, எண்ணெய் விட்டால் அநேகமாக ஓடும். 1998ல் வந்த அந்த மாடல் உழைப்புக்குப் பெயர் போனது, வாடகை மைதானங்களில் வருடக்கணக்கில் அடிபட்ட ரகம். கரியமில வாயுவிலும் ஓடும், காற்றிலும் ஓடும். இதை மாற்றியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மாற்றியே தீர வேண்டியது சிலிண்டர். நம் வீட்டு கேஸ் சிலிண்டரின் மேல் பட்டையில் ஏ, பி, சி, டி என்று ஒரு எழுத்தும் வருடமும் போட்டிருப்பார்கள், அடுத்த சோதனை எப்போது என்பதற்கு. அதே போல இதிலும் தேதி இருக்கிறது. அமெரிக்க விதிப்படி அலுமினியக் காற்றுச் சிலிண்டரை 5 வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சோதிக்க வேண்டும். தேறினால் தொடர்ந்து பயன்படுத்தலாம். முழுக்க கார்பன் ஃபைபர் சுற்றிய சிலிண்டருக்குச் சோதனையும் உண்டு, 15 வருட ஆயுளும் உண்டு. 15 முடிந்தால் சோதனை கிடையாது, சலுகை கிடையாது. 2005ல் செய்த சிலிண்டர் 2020லேயே முடிந்துவிட்டது. பார்க்கப் பளபளவென்று இருந்தாலும் மைதானத்தில் அதை நிரப்ப மாட்டார்கள், நிரப்பவும் கூடாது. கணக்கியலில் சொன்னால், தேய்மானம் முழுக்கக் கழித்தாகிவிட்ட சொத்து, ஸ்கிராப் மதிப்பு பூஜ்யம். அன்றைக்கு எவ்வளவு கொடுத்து வாங்கினோம் என்பது இன்றைய முடிவுக்குள் வரவே கூடாது.

பழைய கரியமில வாயு சிலிண்டரில் வேறொரு ஆபத்து. மார்க்கரில் இருந்து சிலிண்டரைக் கழற்றுவதாக நினைத்துத் திருகும்போது, வால்வு மார்க்கரிலேயே நின்றுகொண்டு சிலிண்டர் மட்டும் வால்வில் இருந்து கழன்றுவிடலாம். அப்படிக் கழன்றால் சிலிண்டர் ராக்கெட் மாதிரி பறக்கும். 2004ல் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதைப் பற்றி எச்சரித்தபோது இரண்டு பேர் இறந்திருந்தார்கள். விளையாட்டில் குண்டு பட்டு இல்லை, சிலிண்டர் பட்டு! அன்றிலிருந்து ஆட்டக்காரர்கள் ஒரு எளிய காரியம் செய்கிறார்கள். வால்விலும் சிலிண்டரிலும் சேர்த்து நெயில் பாலிஷால் ஒரு கோடு. கழற்றும்போது கோடு முறிந்தால் உடனே நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. மார்க்கருக்கு எண்ணெய் விடுகிற பழக்கத்தில் காற்றுச் சிலிண்டரின் நிரப்பும் வாயிலும் ஒரு சொட்டு விட்டுவிடக் கூடாது. உயர் அழுத்தக் காற்றும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும்.

எந்த வரிசையில் வாங்குவது?

நல்ல செய்தி ஒன்று உண்டு. மார்க்கரையும் சிலிண்டரையும் இணைக்கும் மரை பல வருடங்களாக ஒரே அளவில் நிற்கிறது. புதுச் சிலிண்டர் பழைய மார்க்கரில் உட்காரும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. வரலாறு சொல்லும் வரிசை இதுதான்.

முதலில் மைதானம். ஆடப் போகிற மைதானத்தில் என்ன நிரப்புகிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். காற்றா, கரியமில வாயுவா? காற்று என்றால் 3000 வரையா, 4500 வரையா? 3000 மட்டும் நிரப்பும் மைதானத்துக்கு 4500 சிலிண்டர் கொண்டு போனால் கொடுத்த காசில் மூன்றில் ஒரு பங்கு காலியாகவே இருக்கும்.

இரண்டாவது சிலிண்டர். அதிகம் புழங்குபவை இரண்டு: 48 கன அங்குல அலுமினியம், 3000 பி.எஸ்.ஐ.; 68 கன அங்குல கார்பன் ஃபைபர், 4500 பி.எஸ்.ஐ. பெருக்கிப் பார்த்தால் முதலாவது 1,44,000, இரண்டாவது 3,06,000. இரண்டு மடங்குக்கு மேல் காற்று. தோராயமாக முதலாவதில் 450, 500 குண்டு, இரண்டாவதில் ஆயிரம் என்று சொல்வார்கள். மார்க்கரைப் பொறுத்து இது மாறும். வருடத்துக்கு நாலு தடவை ஆடுகிறவருக்கு அலுமினியம் போதும். விலை குறைவு, 15 வருடக் கெடுவும் இல்லை. வாரா வாரம் ஆடுகிறவருக்குக் கார்பன் ஃபைபர் லாபம், கையில் கனமும் குறைவு. எதை வாங்கினாலும் விலைக்கு முன்னால் செய்த தேதியைப் பார்க்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் கார்பன் ஃபைபருக்கு மீதி எத்தனை வருடம் என்று வகுத்துப் பார்த்தால், பல நேரம் புதுசே மலிவாக வரும்.

மூன்றாவதாகத்தான் மார்க்கர். பழசு ஓடினால் இரண்டு மூன்று ஞாயிறு அதிலேயே ஆடிப் பார்க்கலாம். உடம்பு பழைய உடம்பு இல்லை, ஆசையும் பழைய ஆசைதானா என்று அப்போது தெரிந்துவிடும். ஓடிப் பிடிக்கும் போட்டி ஆட்டம் பிடித்தால் எலெக்ட்ரானிக். காட்டில் பிள்ளையோடு நிதானமாக ஆட இயந்திர மார்க்கரே போதும், குண்டுச் செலவும் பாதியாகக் குறையும். ஆனால் முகமூடி மட்டும் மைதானம் ஏற்கும் தரத்தில் புதிதாக இருக்கட்டும். பழைய கண்ணாடி நாளாக நாளாக உறுதி இழந்திருக்கும். அதில் மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை.

மரத்துக்குக் குறி போட வந்த கருவி 12 கிராமில் ஒன்று, பெரிய சிலிண்டரில் இன்னொன்று, 4500 பி.எஸ்.ஐ.யில் வேறொன்று என்று மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மார்க்கரை எந்தக் கடையிலும் எப்போதும் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு முன்னால் பரணில் கிடக்கும் அந்தச் சிலிண்டரை எடுத்துத் தேதியைப் படித்துப் பார்ப்பதுதான் திரும்பி வருகிறவரின் முதல் வேலை. ஆயுள் முடிந்திருந்தால் மிச்சக் காற்றைத் தெரிந்தவர் மூலம் வெளியேற்றி, இனி யாரும் நிரப்ப முடியாதபடி செய்துவிட்டுத்தான் அதைத் தூக்கிப் போட வேண்டும்.